ஆங்கிலம் கற்பிக்க வெளிநாடு செல்ல விரும்பும் பிள்ளைகளுக்கு

 

வெளிநாடு என்பது நம் குடும்பங்களுக்குப் புதிதல்ல. சவூதி, துபாய், குவைத், மலேசியா என்று பிழைப்புக்குப் போனவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். இப்போது நமது அறக்கட்டளைக்கு வரும் கேள்வி வேறு. பி.ஏ. ஆங்கிலமும் பி.எட்.டும் முடித்த பிள்ளைகள், "வெளிநாட்டுப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கும் தொண்டுப் பணிக்குப் போகலாமா? சம்பளம் இல்லாவிட்டாலும் அனுபவம் கிடைக்குமே" என்று கேட்கிறார்கள். அவர்களின் அத்தாவும் அம்மாவும், "அது நம்பத் தகுந்த காரியம்தானா?" என்று கேட்கிறார்கள்.

நமது பதில்: போகலாம், நல்ல காரியம்தான். ஆனால் இரண்டு ஏற்பாடுகள் வேண்டும். ஒன்று, காகிதங்களைச் சரிபார்ப்பது. இதை எல்லோரும் சொல்வார்கள். மற்றொன்று, போகிற ஊர் மக்களின் மொழி எப்படி வளர்ந்தது, எப்போது ஒடுங்கியது, அதற்காக அவர்கள் எதை இழந்தார்கள் என்பதைத் தெரிந்துகொள்வது. இதை யாரும் சொல்வதில்லை. பாடம் நடப்பதும் நடக்காததும் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது.

தொண்டு ஆசிரியர் என்றால் யார்?

தொண்டு ஆசிரியருக்குச் சம்பளம் என்று ஒன்று இருக்காது. தங்க இடமும் சாப்பாடும் கைச்செலவுக்குச் சிறு தொகையும் தருவார்கள். சில மாதங்கள் முதல் இரண்டு ஆண்டுகள் வரை வேலை இருக்கும். பிரிட்டனில் 1958-ல் தொடங்கிய வி.எஸ்.ஓ. அமைப்பும், அமெரிக்க அரசு 1961-ல் தொடங்கிய பீஸ் கோர் அமைப்பும் இந்த முறையை உலகம் முழுவதும் பரப்பின. அந்த இரண்டும் தங்கள் நாட்டு இளைஞர்களை ஆசியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் அனுப்பத் தோன்றியவை. ஐக்கிய நாடுகள் சபை 1970-ல் ஏற்படுத்திய தன்னார்வலர் அமைப்பு எல்லா நாட்டவருக்கும் உரியது, இந்தியர்களும் விண்ணப்பிக்கலாம். அங்கே கல்வி தவிர வேறு பல துறைகளிலும் பணி உண்டு. விண்ணப்பத்துக்கு எந்தக் கட்டணமும் கிடையாது.

நமக்குப் பக்கத்திலேயே நடந்த கதை

இந்த விஷயம் எப்படி நடக்கும் என்பதற்கு நாம் தூரதேசம் போக வேண்டியதில்லை. மதுரை கோரிப்பாளையம் தர்காவுக்கு நம்மில் பலர் போய் வருகிறோம். பாரசீக மொழியில் 'கோர்' என்றால் கப்ரு. ஊர்ப் பெயர் அதிலிருந்து வந்தது என்பார்கள். அந்த தர்காவுக்கு அருகில்தான் 1881-ல் பசுமலையில் தொடங்கி, பின்னர் இங்கே இடம் மாறிய அமெரிக்கன் கல்லூரி இருக்கிறது. சற்றுத் தள்ளி, பெண்களுக்காக 1948-ல் தொடங்கிய லேடி டோக் கல்லூரி.

அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தில் ஓபர்லின் என்ற கல்லூரி உண்டு. அங்கே படித்துச் சீனாவின் ஷான்சி மாகாணத்தில் பணிசெய்த மிஷனரிகள் 1900-ம் ஆண்டுக் கிளர்ச்சியில் கொல்லப்பட்டார்கள். அவர்கள் நினைவாக 1908-ல் 'ஓபர்லின் ஷான்சி' என்ற அமைப்பை ஏற்படுத்தி, பட்டம் முடித்த இளைஞர்களைச் சீனாவுக்கு ஆங்கிலம் கற்பிக்க அனுப்பினார்கள். 1949-ல் சீனாவில் ஆட்சி மாறிய பிறகு அந்தக் கதவு மூடியது. அப்போது அவர்கள் திரும்பிப் பார்த்த ஊர்களில் ஒன்று மதுரை. 1950-களில் தொடங்கி பல பத்தாண்டுகள் அமெரிக்கப் பட்டதாரிகள் மதுரைக் கல்லூரிகளில் வந்து ஆங்கிலம் கற்பித்தார்கள்.

முதலில் வந்தவர்களில் ஒருவர் ஜோசப் எல்டர். 1951-ல் ஓபர்லினில் பட்டம் முடித்த கையோடு மதுரைக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தார். திரும்பிப் போய்ச் சமூகவியல் படித்து, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பேராசிரியராக இருந்து இந்தியாவைப் பற்றியே ஆய்வு செய்தார். அமெரிக்க மாணவர்களை இந்தியாவுக்கு அனுப்பி இங்குள்ள மொழிகளைப் படிக்க வைக்கும் பணியிலும் ஈடுபட்டார். ஆங்கிலம் கொடுக்க வந்த இளைஞர் வாழ்நாள் முழுவதும் இந்தியாவின் மாணவராகிவிட்டார்.

இரண்டு தமிழ், இரண்டு அரபி

அப்படி வருகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே ஒரு முட்டுக்கட்டை வரும். புத்தகத்தில் "எங்கே செல்கிறீர்கள்?" என்று படித்திருப்பார்கள். பஸ் ஸ்டாண்டில் "எங்க போறீங்க?" என்று காதில் விழும். எழுதுகிற தமிழும் பேசுகிற தமிழும் ஏன் இவ்வளவு விலகியிருக்கின்றன என்று புரியாமல் தவிப்பார்கள். இதற்கு விடை இலக்கணத்தில் மட்டும் இல்லை. மொழியின் வரலாற்றில் இருக்கிறது. எழுத்துத் தமிழ் பழைய இலக்கிய வழக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது. பேச்சுத் தமிழ் ஊருக்கு ஊர் நடந்துகொண்டே இருந்தது. அமெரிக்கன் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியர் கு. பரமசிவம் போன்றவர்கள் வெளிநாட்டாருக்குத் தமிழ் கற்பிப்பதையே ஒரு துறையாக வளர்த்தார்கள். அவரும் ஜேம்ஸ் லிண்ட்ஹோம் என்ற அமெரிக்கரும் சேர்ந்து எழுதிய பாடநூலை வெளிநாட்டு மாணவர்கள் பயன்படுத்தினார்கள்.

நம்மவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மதரஸாவில் ஏழு ஆண்டு அரபி ஓதிய ஆலிம் ஒருவர் ஜித்தா கடைத்தெருவில் போய் நின்றால், கடைக்காரர் பேசுவது பாதி புரியாது. கிதாபு அரபியும் தெரு அரபியும் வேறு வேறு. 1959-ல் சார்லஸ் பெர்குசன் என்ற மொழியியலாளர் இப்படி இரட்டை வழக்கு உள்ள மொழிகளைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், நான்கு உதாரணங்களில் ஒன்றாக அரபியைத்தான் காட்டினார்.

மொழியின் வரலாறு வகுப்பறையில் எப்படி உதவும்?

முதலாவதாக, மாணவரின் பிழைக்குக் காரணம் தெரியும். நம் பிள்ளைகள் 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' என்கிறார்கள். இது முட்டாள்தனம் அல்ல. இரண்டு மெய் சேர்ந்து ஒரு சொல் தொடங்குவது தமிழின் இயல்பு இல்லை. எந்தெந்த எழுத்து சொல்லுக்கு முதலில் வரும் என்று தொல்காப்பியமே வரையறுத்திருக்கிறது. நம் நாக்கு அந்த வழக்கத்தைக் காப்பாற்றுகிறது. மலாய் மொழியில் வினைச்சொல் காலத்துக்காக மாறாது. 'சாயா பெர்கி' என்றால் நான் போகிறேன் என்றும் பொருள், போனேன் என்றும் பொருள். 'செமாலம்', அதாவது நேற்று, என்று சேர்த்தால் அது இறந்த காலம் ஆகிவிடும். ஆகவே மலேசிய மாணவர் ஆங்கிலத்தில் 'நேற்று நான் போகிறேன்' என்கிற மாதிரி எழுதினால், அவர் தம் மொழியின் ஒழுங்கைத்தான் அதில் வைக்கிறார். இதை அறிந்த ஆசிரியர் பிள்ளையைத் திட்டமாட்டார். எந்த இடத்தில் கூடுதலாகப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

இரண்டாவதாக, ஊராரின் காயம் தெரியும். உதாரணமாக இலங்கை. அங்குள்ள முஸ்லிம்களில் பெரும்பாலோரின் தாய்மொழி தமிழ். அங்கே 1956-ல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது. 1987-ல் பதின்மூன்றாவது திருத்தத்தின் மூலம் தமிழும் ஆட்சிமொழி ஆனது. ஆங்கிலம் இணைப்பு மொழி என்று குறிக்கப்பட்டது. இடையில் நடந்ததெல்லாம் நமக்குத் தெரியும். அந்த நாட்டுப் பள்ளியில் போய் ஆங்கிலம் கற்பிக்கிறவர், 1956 என்ற ஆண்டு அங்குள்ள பெற்றோருக்கு என்ன அர்த்தம் தருகிறது என்பதை அறியாமல் "எதற்கு இத்தனை மொழி, ஆங்கிலம் ஒன்று போதாதா?" என்று விளையாட்டாகச் சொன்னால்கூட அது புண்ணில் கை வைப்பதாகிவிடும்.

மூன்றாவதாக, உறவு தெரியும். மலாயில் கடைக்கு 'கெடாய்', கப்பலுக்கு 'காப்பல்', பெட்டிக்கு 'பெத்தி', கட்டிலுக்கு 'காத்தில்', குளத்துக்கு 'கோலம்'. நம் கரையிலிருந்து போன வணிகர்களோடு போன சொற்கள் இவை. அங்கே சந்தை 'பாசார்'. அது பாரசீகத்திலிருந்து போனது. அதே சொல்தான் நம் ஊரில் பஜார் ஆகியிருக்கிறது. முதல் வகுப்பில் இந்த ஐந்தாறு சொற்களைக் கரும்பலகையில் எழுதிப் பாருங்கள். அந்நிய ஆசிரியர் என்ற திரை விலகிவிடும்.

முன்னோர் காட்டிய வழி

மொழி கற்பது நம் மார்க்க வரலாற்றுக்கும் புதிதல்ல. யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் ஜைத் பின் தாபித் (ரலி) அவர்களைப் பணித்ததும், அவர் அரை மாதத்துக்குள் கற்றுத் தேர்ந்ததும் ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது.

தூர நாட்டுக்கு ஆசிரியராகப் போனவருக்கு நல்ல உதாரணம் அபூபக்ர் எஃபெந்தி. தென் ஆப்பிரிக்காவின் கேப் டவுன் முஸ்லிம்கள், டச்சுக்காரர்களால் கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் அடிமைகளாகவும் நாடு கடத்தப்பட்டவர்களாகவும் கொண்டுபோகப்பட்டவர்களின் சந்ததியினர். அவர்கள் தங்களுக்கு ஓர் ஆசிரியர் வேண்டும் என்று கேட்க, உதுமானிய அரசு அவரை அனுப்பியது. 1863-ல் அவர் அங்கே இறங்கியபோது மக்கள் பேசிய மொழி அவருக்குத் தெரியாது. டச்சிலிருந்து உருவாகி வந்த அந்தப் பேச்சு மொழியைத்தான் இப்போது ஆஃப்ரிகான்ஸ் என்கிறோம். அவர் அதைக் கற்றார். அந்த மொழியிலேயே, அரபி எழுத்தில், 'பயானுத்தீன்' என்ற மார்க்கச் சட்ட நூலை எழுதினார். அது 1877-ல் இஸ்தான்புலில் அச்சானது. அக்காலத்தில் மக்கள் அந்த மொழியை எப்படி உச்சரித்தார்கள் என்று அறிய விரும்பும் மொழியியலாளர்கள் இன்றும் அந்த நூலைப் புரட்டுகிறார்கள்.

அதே வரலாற்றில் இன்னொரு பாடமும் உண்டு. கேப் டவுன் முஸ்லிம்கள் ஷாபிஈ மத்ஹபினர். எஃபெந்தி ஹனஃபி முறையைக் கற்பித்தார். இதனால் ஊரில் பிணக்கு எழுந்தது. ஆகவே மொழியை மட்டும் கற்றால் போதாது. ஊர் வழக்கத்தையும் கேட்டறிந்துதான் வாய் திறக்க வேண்டும்.

நம் வீட்டு அலமாரியில் இருக்கும் வரலாறு

வெளிநாட்டு வகுப்பறையில் பிள்ளைகள் நிச்சயம் ஒரு கேள்வி கேட்பார்கள். "உங்கள் மொழி எது? அதன் கதை என்ன?" நம் பட்டதாரிகளில் எத்தனை பேருக்குப் பதில் தெரியும்?

நம் பதில் சிறியதல்ல. எஃபெந்தி கேப் டவுனில் செய்ததை நம் தமிழகக் கரையில் அதற்கு முன்பே செய்துவந்தார்கள். தமிழை அரபி எழுத்தில் எழுதும் முறைக்கு அரபுத்தமிழ் என்று பெயர்; அர்வி என்றும் சொல்வார்கள். அரபியில் இல்லாத ப, ட, ண, ள போன்ற ஒலிகளுக்கு, இருக்கும் எழுத்துகளோடு புள்ளியும் குறியும் சேர்த்துக்கொண்டார்கள். மக்தபில் குர்ஆன் ஓதப் படித்த பெண்களும் பிள்ளைகளும் தமிழ் எழுத்து தெரியாவிட்டாலும் மார்க்க நூல்களைத் தமிழிலேயே வாசிக்க இது வழி செய்தது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) எழுதிய 'மகானி', 'ஃபத்ஹுத் தய்யான்' ஆகிய நூல்கள் கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் இலங்கையிலும் வீடுவீடாக ஓதப்பட்டவை. அவரும் கடல் கடந்து இலங்கைக்குப் போய்க் கற்பித்தவர்தான். இந்த வரலாற்றை டாக்டர் தைக்கா ஷுஐபு ஆலிம் அவர்கள் 1993-ல் ஆங்கிலத்தில் பெரிய நூலாகவே வெளியிட்டார்கள்.

மலாய் மக்களும் தங்கள் மொழியை இப்படியே அரபி எழுத்தில் எழுதினார்கள். அதற்கு ஜாவி என்று பெயர். திரெங்கானுவில் கிடைத்த கல்வெட்டில் ஹிஜ்ரி 702, அதாவது கி.பி. 1303 என்று ஆண்டு காணப்படுகிறது. பின்னர் ரோமன் எழுத்து அதன் இடத்தைப் பிடித்தது. ஆனாலும் ஜாவி அங்கே இன்னும் கற்பிக்கப்படுகிறது. அரபுத்தமிழோ நம் கண் முன்னே மறைந்துகொண்டிருக்கிறது. வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் ஒவ்வொருவராக மவுத்தாகிறார்கள். வீடு இடித்துக் கட்டும்போது பழைய கிதாபுகள் மூட்டையாக வெளியே வருகின்றன. அரபி எழுத்து என்ற மரியாதையால் குப்பையில் போடுவதில்லை. ஆனால் என்ன நூல் என்று பார்க்காமலே மண்ணில் புதைத்துவிடுகிறார்கள். புதைப்பது குர்ஆன் பிரதிதானா, அல்லது நம் பாட்டிமார் ஓதிய தமிழ் நூலா என்று பார்க்க ஆள் இல்லை.

மொழியின் வரலாறு கிதாபில் மட்டும் இல்லை. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர்ப் பால்கோவாவின் பெயரையே பாருங்கள். 'பால்' தமிழ். 'கோவா' வடக்கிலிருந்து வந்தது. வக்கீல், வாரிசு, பாக்கி, ரத்து, மகசூல், ஜில்லா, அல்வா எல்லாம் அரபி வழி வந்தவை. ராஜபாளையத்தில் ராஜு குடும்பங்கள் வீட்டில் தெலுங்கு பேசுகின்றன. நம் ஜமாஅத்திலேயே வீட்டில் தமிழ் பேசுவோரும் உருது பேசுவோரும் ஒரே ஸஃப்பில் நிற்கிறோம். ஒரே பஜாரில் இத்தனை மொழி கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, அதன் அருமை தெரிந்தால், உலகில் எந்த வகுப்பறையும் அந்நியம் ஆகாது.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

1. சுற்றுலா விசாவில் போய்க் கற்பிக்கலாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். சம்பளம் இல்லாத தொண்டும் பல நாடுகளில் வேலையாகவே கருதப்படும். பிடிபட்டால் திருப்பி அனுப்புவார்கள். மறுபடி நுழையத் தடையும் வரலாம். எந்த வகை விசா என்பதை அந்த நாட்டுத் தூதரகத்தின் அறிவிப்பில் பார்த்து உறுதி செய்யுங்கள்.

2. எல்லா நாடும் இந்திய ஆசிரியரை ஒரே மாதிரி ஏற்பதில்லை. தென் கொரியாவின் அரசுப் பள்ளித் திட்டம், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவை என்று அது கருதும் நாட்டவரைத்தான் முக்கியமாக எடுக்கிறது. விண்ணப்பிக்கும் முன் இதைக் கேளுங்கள்.

3. தொண்டு என்று சொல்லிப் பெரும் பணம் கேட்பவர்களிடம், அந்தப் பணம் எதற்கு, எந்தப் பள்ளி, தங்குமிடம் எது, நோய் வந்தால் யார் செலவு என்று எழுத்தில் வாங்குங்கள். பள்ளியோடு நேரில் தொலைபேசியில் பேசுங்கள்.

4. 2022-ல் தாய்லாந்தில் நல்ல வேலை என்று அழைத்துப் போகப்பட்ட தமிழக இளைஞர்கள் மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கியதை மறக்க வேண்டாம். ஏஜெண்ட் வழியாகப் போவதானால், அவர் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். 1978-ல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் விசாரிக்கலாம்.

5. பட்டச் சான்றிதழுக்கு அப்போஸ்டில் முத்திரையோ தூதரகச் சான்றோ கேட்பார்கள். பிள்ளைகளோடு பழகும் பணி என்பதால் போலீஸ் நன்னடத்தைச் சான்றும் தேவைப்படும். அதைப் பாஸ்போர்ட் சேவை மையம் வழியாகப் பெறலாம். 120 மணி நேர ஆங்கிலக் கற்பித்தல் பயிற்சிச் சான்றைப் பல இடங்களில் எதிர்பார்க்கிறார்கள். அசல் பாஸ்போர்ட்டை யாரிடமும் விட்டு வைக்கக் கூடாது.

6. பெண் பிள்ளைகள் விஷயத்தில் தங்குமிடம், உடன் இருப்போர், போய் வரும் வழி ஆகியவற்றைக் குடும்பத்தோடு கலந்து பேசி முடிவு செய்யுங்கள். ஆனால் விசாரித்துப் பார்க்காமலே வேண்டாம் என்று மறுத்துவிடாதீர்கள்.

இங்கேயே தொடங்கலாம்

வெளிநாடு போவதற்கு முன் உள்ளூரில் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ராஜபாளையம் மில்களில் வேலை செய்யும் வட மாநிலத் தொழிலாளர்கள் சிலர் குடும்பத்தோடு இருக்கிறார்கள். அவர்களின் பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு நாள் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்துப் பாருங்கள். அதற்கு முன் அவர்கள் வீட்டில் பேசுவது இந்தியா, ஒடியாவா, போஜ்புரியா என்று கேட்டு, அந்த மொழியில் இருபது சொற்களை அவர்களிடமே கற்றுக்கொள்ளுங்கள். ஆறு மாதம் இதில் நிலைத்து நிற்கிற பிள்ளை, இன்ஷா அல்லாஹ், எந்த நாட்டிலும் நிற்கும்.

இந்த வகுப்புக்கு முன்வரும் பட்டதாரிகளுக்கு அறக்கட்டளை அலுவலகத்தில் ஞாயிறு அஸருக்குப் பின் இடம் தருகிறோம். வெளிநாட்டு அழைப்புக் கடிதம் வந்திருந்தால் பணம் கட்டும் முன் கொண்டு வாருங்கள்; சேர்ந்து உட்கார்ந்து படித்துப் பார்ப்போம்.

அதேபோல், வீட்டில் அரபுத்தமிழ்க் கிதாபு இருந்தால் புதைக்கும் முன் ஒருமுறை எங்களிடம் காட்டுங்கள். நாங்கள் எடுத்து வைத்துக்கொள்ள மாட்டோம். பக்கம் பக்கமாகப் படம் எடுத்துவிட்டு அசலைத் திருப்பித் தந்துவிடுவோம். வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள், ஆண்களானாலும் பெண்களானாலும், வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் நம் பிள்ளைகளுக்கு அந்த எழுத்தைச் சொல்லிக் கொடுக்கலாம். சொல்லிக் கொடுக்கக்கூடியவர்கள் இன்று நம்மிடையே இருக்கிறார்கள். பத்து ஆண்டு கழித்து இருப்பார்களா என்பது அல்லாஹ்வுக்கே தெரியும்.